வீட்டைச் சுற்றிப் போட்ட பேவர் பிளாக் இடுக்குகளில் களை முளைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரேயடியாக ஒழிக்க என்ன வழி?

ஒரேயடியாக ஒழிக்க வழி கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி மருந்து விற்பவரிடம் காசைக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் வாராவாரம் இடுப்பொடியக் குந்தியிருந்து பிடுங்கும் வேலையை, வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் வேலையாகக் குறைக்கலாம்.

எங்கள் வீடு திருச்சிக்கு வெளியே, முன்பு வயலாக இருந்த மனையில் இருக்கிறது. 2018இல் கல் பதித்தோம். முதல் ஐப்பசி மழைக்கே வாசல் பச்சைக் கட்டம் போட்ட லுங்கி மாதிரி ஆகிவிட்டது. பதித்த மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சிருந்தா வந்திருக்காது சார்" என்றார். அதை நம்பிப் பின்பக்கம் ஷீட் விரித்துப் போட்டோம். அங்கேயும் முளைத்தது. போதாக்குறைக்கு, மழைத் தண்ணீர் கீழே இறங்காமல் அங்கங்கே தேங்கியது.

காரணம் எளிது. இடுக்கில் இருப்பதில் ஒரு சின்னச் செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, குப்பைமேனி, வெட்டுக்காயப் பூண்டு எதுவானாலும் முளைத்த புதிதில் வேர் ஒரு விரல் நீளம்கூட இருக்காது. இவை தரையின் அடியிலிருந்து வரவில்லை. இடுக்கில் படிந்த தூசி, உதிர்ந்த இலை, அதில் காற்று கொண்டுவந்து போட்ட விதை, இவ்வளவுதான். வெட்டுக்காயப் பூண்டின் விதைக்குப் பஞ்சுக் குடையே உண்டு, பக்கத்துக் காலி மனையிலிருந்து பறந்து வரும். அடியில் ஷீட் விரித்து என்ன பிரயோஜனம்?

கீழேயிருந்து வருபவை கோரையும் அருகம்புல்லும். கோரையை மேலே இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும். பத்தே நாளில் மறுபடி தலை காட்டும். நான் ஒரு வருஷம் இப்படி ஏமாந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு தட்டை ஸ்க்ரூ டிரைவரை எதிரெதிரே கொடுத்து நெம்பி, கோரை வந்த இடத்துக் கல்லை எடுத்தேன். அடியில் கருப்புக் கருப்பாகக் கிழங்குகள், நூல் மாதிரி வேரில் கோத்த மணிபோல் ஒன்றையடுத்து ஒன்று. கிள்ளினால் குளியல் பொடி வாசனை. ஒரு சாண் ஆழம் கொத்தி, மண்ணைச் சலித்து, கிழங்கைப் பொறுக்கிவிட்டுக் கல்லைத் திரும்ப வைத்தேன். ஆறேழு கல்தான், ஆனாலும் அரை நாள் ஆனது. அந்த இடத்தில் மறுபடி நாலைந்து தாள்தான் வந்தன.

மற்ற களைக்கு உண்மையான மருந்து மணல். இடுக்கு நிறைய மணல் இறுகி நின்றால் தூசி படிய இடமில்லை, விதைக்கும் பிடிப்பில்லை. ஆனால் மழை கொஞ்சம் அடித்துப்போகும், எறும்பு கொஞ்சம் அள்ளி மேலே குவிக்கும், அந்தப் பள்ளத்தில்தான் களை குடியேறுகிறது. தை, மாசியில் மழை ஓய்ந்ததும் பழைய ஹேக்ஸா பிளேடால் இடுக்கைச் சுரண்டி, தூசியைக் கூட்டி அள்ளிவிடுங்கள். நைசாகச் சலித்த, நன்றாகக் காய்ந்த மணலைக் கொட்டி, விளக்குமாற்றால் குறுக்கும் மறுக்குமாகத் தள்ளுங்கள். ஈர மணல் உள்ளே இறங்காது. ரப்பர் சுத்தியலால் கல்லை லேசாகத் தட்டினால் மணல் அமுங்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு கை போடுங்கள். கார் கழுவும் பிரஷர் வாஷரை வைத்துக் களையை அடித்தால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் களையோடு மணலும் போய்விடும், நிரப்பாமல் விட்டால் அடுத்த மழையில் இரண்டு பங்காக வரும்.

சிலர் இடுக்கில் சிமெண்ட் பால் ஊற்றச் சொல்வார்கள். வேண்டாம். கார் ஏறி இறங்கினால் கல் கொஞ்சம் அசையும், சிமெண்ட் வெடிக்கும், அந்த வெடிப்பிலும் முளைக்கும். பிறகு கோரைக்காக ஒரு கல்லைக்கூட உடையாமல் எடுக்க முடியாது.

உப்பு போட்டால் பக்கத்து எலுமிச்சையும் கறிவேப்பிலையும் சேர்ந்து காயும். வினிகர் இலையைத்தான் கருக்கும். கொதிக்கிற வெந்நீர் இளம் முளைக்கு நல்லது. ஆனால் சோறு வடித்த கஞ்சியை ஊற்றாதீர்கள், எறும்பு படையெடுக்கும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி? கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள். அது அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்களைத் தவிர வேறு யாரும் தெளிக்கக்கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசும் உத்தரவு போட்டது. எங்கள் வாசலில் விழும் மழை நேராகச் சேகரிப்புக் குழிக்குத்தான் போகிறது, அதற்குப் பக்கத்திலேயே போர்வெல்.

பிடுங்குவதானால் மழை விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பூப்பதற்கு முன்னால் பிடுங்குங்கள். மூக்கிரட்டை மட்டும் எனக்கு இன்னும் அடங்கவில்லை. வேர் முள்ளங்கி மாதிரி ஆழமாக இறங்கி, இழுத்தால் பாதியில் ஒடிகிறது. அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான், தளிராக இருக்கும்போதே கிள்ளிக்கொண்டு போய்ப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்துவிடுகிறார்.