அம்மா மடியில் வைத்துக்கொள்வாராம்!

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். பிரான்சில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அம்மா, மனைவி, மூன்று வயது மகளோடு லீவுக்குப் போகிறோம். அங்கே வாடகைக் கார் எடுத்து நானே ஓட்ட ஆசை. இங்கே 12 வருடமாக ஓட்டுகிறேன். என்ன லைசென்ஸ் வேண்டும்? வலது பக்கம் ஓட்டுவது கஷ்டமா? குழந்தை சீட்டுக்குத் தனி வாடகை கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அம்மா மடியில் வைத்துக்கொள்வார். வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கொடுப்பார்கள். அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். நம் ஊர் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். வலது பக்கம் இரண்டு நாளில் பழகிவிடும். ஆனால் விடியற்காலையில் ஆளில்லாத தெருவில் வண்டியை எடுக்கும்போது, கை தானாக இடது பக்கம் ஒடிக்கும். அங்கேதான் ஜாக்கிரதை. அப்புறம், பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி. சின்னச் சந்திலிருந்து வந்தாலும் அவருக்காக நீங்கள் நிற்க வேண்டும். பெரிய வண்டிக்கே வழி என்ற ஈ.சி.ஆர். சட்டம் அங்கே செல்லாது.

சரி, போகிற போக்கில் எழுதிய அந்த மடி விஷயத்துக்கு வருகிறேன்.

நாலு பேருக்கு விமான டிக்கெட் எடுத்தவருக்கு, ஒரு சீட்டின் வாடகை கணக்கில் உறுத்துகிறதா? பிரான்சில் பத்து வயதுக்குள் இருக்கும் குழந்தை, அதன் உடம்புக்கு ஏற்ற சீட்டில்தான் வர வேண்டும். இல்லையென்றால் ஓட்டுகிறவருக்கு 135 யூரோ அபராதம். அபராதம் போகட்டும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதினால், 14 கிலோ குழந்தை அந்த நொடியில் நூற்றுக்கணக்கான கிலோவாகக் கனக்கும். எந்தப் பாட்டியின் கை அதைத் தாங்கும்? ஏதாவது நடந்துவிட்டால், "நான் விட்டுட்டேனே" என்று மீதி ஆயுள் முழுக்க அழப்போவது உங்கள் அம்மா. மிச்சம் பிடித்தவர் நீங்கள், பழி சுமக்கிறவர் அவரா? பெற்றவளுக்கு ஒரு மகன் செய்கிற காரியமா இது? உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டீர்களா?

"நீயே என் மடியில வளர்ந்தவன்தான்" என்பார் அம்மா. பாசத்தில் சொல்வார். அதைக் கேட்டுத் தலையாட்டாமல் மறுத்துச் சொல்ல வேண்டியது வீட்டுக்கு மூத்த பிள்ளையின் வேலை. இங்கேயும் மடியில்தான் கூட்டிப்போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் நாட்டிலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு, பிடிக்கிறார்களோ இல்லையோ.

இன்றே வாடகைக் கம்பெனிக்கு எழுதி, மகளின் எடையையும் உயரத்தையும் சொல்லி சீட்டைப் பதிவு செய்யுங்கள். இங்கேயும் ஒன்று வாங்கி, கிளம்புவதற்கு முன்னால் கடலூர் வரை நாலு தடவை அதில் உட்காரவைத்துப் போய்வாருங்கள். முதல் தடவை அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் கத்தித் தீர்ப்பாள். அழட்டும். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கையை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும்.