கொச்சியில் நிற்கும் பந்தயப் படகு: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

துபாயில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மதுரைக்கே திரும்பிவிட்டேன். அங்கே விடுமுறை நாட்களில் நண்பர்களின் பந்தயப் படகில் பாய் இழுத்த பழக்கம் உண்டு. இப்போது கொச்சியில் 40 அடிப் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 2004இல் கட்டியது, பந்தயங்களில் ஓடியது. மனைவி, பன்னிரண்டு வயது மகள், ஒன்பது வயது மகன் ஆகியோரோடு கன்னியாகுமரியைச் சுற்றித் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் போய்வர ஆசை. மனைவிக்குக் கொடைக்கானல் மலைப்பாதையிலேயே தலைசுற்றும். "வாடிவாசல் காளையை வாங்கி ஏரில் பூட்டப் போகிறாயா?" என்று அண்ணன் கேட்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., கே.கே. நகர், மதுரை

அன்புள்ள எஸ்.,

உங்கள் அண்ணன் பாதியைத்தான் சொன்னார். பாலமேட்டில் ஒருவரையும் அண்டவிடாத காளை, வீட்டுக்கு வந்ததும் தனக்குப் பருத்திக்கொட்டை வைக்கும் பெண்ணின் பின்னால் கன்றுபோல நடப்பதை இந்தப் பக்கத்தில் யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. தொட்டுப் பழகியவர்களுக்கு அது அடங்கும். ஆகவே என் கேள்வி படகைப் பற்றியது அல்ல. நீங்கள் கடலில் விழுந்துவிட்டால், படகைத் திருப்பிக்கொண்டு வந்து உங்களைத் தூக்கப் போவது யார்?

பல ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் அப்படி விழுந்தார். படகில் நாங்கள் இருவர் மட்டும், சுக்கான் என் கையில். 6 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 6 கடல் மைல் போகும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் தள்ளிப் போய்விடும். இரண்டு நிமிடம் தடுமாறினால், வண்டியூர்த் தெப்பக்குளத்தின் ஒரு கரைக்கும் எதிர்க்கரைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். அலை நடுவே அந்தத் தூரத்தில் ஒரு தலை கண்ணுக்குத் தெரியாது. அவரை மீட்டுவிட்டேன். ஆனால் தேடிய அந்த நேரம் இன்றும் என் தூக்கத்தில் வருகிறது. துபாய்ப் படகில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஓர் ஆள் இருந்திருப்பார். குமரி முனையில் நீங்கள் ஒருவர்தான்.

பந்தயப் படகு எனக்குப் பிடிக்கும். கனமான உல்லாசப் படகு இயந்திரத்தை முடுக்கும் மென்காற்றில் இது பாயை விரித்தே போகும். காற்று கரையை நோக்கித் தள்ளும்போது எதிர்த்து ஏறி விலகவும் முடியும். அது உயிரைக் காக்கும் குணம். ஆனால் அதே பெரிய பாயைக் காற்று வலுக்கும் முன்பே சுருக்கத் தெரிய வேண்டும். எடை குறைந்த, அடி தட்டையான உடல் எதிரலையில் விழுந்து விழுந்து எழும். உங்கள் மனைவியின் வயிற்றை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பழைய பந்தயப் படகில் முதலில் பார்க்க வேண்டியது பாயும் அல்ல, படுக்கையும் அல்ல. ஏரா, அதாவது அடியில் துடுப்புப்போல ஆழமாக இறங்கும் பளுவான கீல். 2014 மே மாதம் 'சீக்கி ரஃபிக்கி' என்ற 40 அடிப் படகு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும்போது அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. நான்கு பேரும் திரும்பவில்லை. முன்பு பலமுறை தரைதட்டியதும், அதன் பிறகு செய்த பழுதுபார்ப்பும் படகின் உள்ளே ஒட்டியிருந்து கீலைத் தாங்கும் உள்சட்டகத்தின் பிடிப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. எனவே படகைத் தண்ணீரிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். நீங்களே கூலி கொடுத்து அமர்த்திய படகுப் பரிசோதகர் கீல் போல்ட்டுகளையும், சட்டகம் உடலோடு ஒட்டியிருக்கும் ஓரங்களையும் பார்க்கட்டும். மேல்தளத்தைச் சுத்தியலால் தட்டி, மந்தமான ஒலி வரும் இடங்களைக் குறிக்கட்டும். உள்ளே நீர் ஊறியிருக்கும் இடங்கள் அவை. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால், மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். "ஒரு தடவைகூடத் தரைதட்டியதில்லை" என்று விற்பவர் சொன்னால், பந்தயத்தில் ஓடிய படகைப் பற்றி அதை நான் நம்பமாட்டேன்.

பாம்பனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இந்த வகைப் படகின் கீல் 2 மீட்டருக்கு மேல் இறங்கும். அங்கே மணல்திட்டுகள் காத்திருக்கின்றன. 2025இல் திறந்த புதிய ரயில் பாலம் செங்குத்தாக உயரும். பக்கத்தில் 1988இல் திறந்த சாலைப் பாலம் அசையாது. உங்கள் பாய்மர உச்சியோ தண்ணீருக்கு மேல் 17, 18 மீட்டர் இருக்கலாம். துறைமுக அலுவலகத்தில் நீரின் ஆழம், பாலத்தின் உயரம் ஆகிய இரு அளவுகளையும் கேட்காமல் கனவுகூடக் காணாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. பவளத்தின்மேல் நங்கூரம் போடுவதை நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை.

பணத்தைப் பற்றி ஒன்றுதான். படகு வெளிநாட்டுக் கொடியோடு வந்ததென்றால் சுங்கவரி கட்டிய தாளைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் முதல் உல்லாசப் படகுகளுக்கு ஜிஎஸ்டியே 40 சதவீதம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நால்வரும் சென்னைக்குப் போய்ச் சிறிய படகில் பாய் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மகளின் வயதில் கை சீக்கிரம் பழகும். மனைவி வேண்டாம் என்றால், அவர் சொல்வதுதான் முடிவு. நீங்கள் நண்பர்களோடு போய்வாருங்கள். அவர் சரி என்றால், கொச்சியில் ஒத்திகை ஓட்டத்தின்போது விற்பவரையும் உடன் வைத்துக்கொண்டு, உறிக்காத தேங்காய் ஒன்றைக் கடலில் எறியுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மனைவியும் மகளும் பாயை இறக்கி, படகைத் திருப்பி, அந்தத் தேங்காயை எடுத்துவரட்டும். எத்தனை முயற்சியில் எடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் படகைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன்.