குச்சிக்கிழங்குக் காட்டுப் பணம் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் எங்களுக்குக் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி வயல். போன வருஷம் கணவர் தவறிவிட்டார். அவர் பெயரில் இருந்த வங்கி டெபாசிட், நாமினி என்ற முறையில் என் கைக்கு வந்தது. அதில் 5 லட்சத்தை அவர் நினைவாகப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கொடுக்க ஆசை. மகனோ, "கடலில் கரைத்த பெருங்காயம்தான். அன்னதானத்துக்குக் கொடுங்க" என்கிறான். எனக்கு ஆசிரியர் பென்ஷன் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கொடுக்கலாம் அம்மா. ஆனால் அந்தப் பணம் முழுக்க உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். கணவர் உயில் எழுதவில்லை என்றால், நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் பிள்ளைகளுக்கும், மாமியார் இருந்தால் அவருக்கும் உங்களோடு சமபங்கு உண்டு. பங்கு வேண்டாம் என்று அவர்களிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குங்கள், அல்லது உங்கள் பங்கிலிருந்து மட்டும் கொடுங்கள். மருத்துவச் செலவுக்கான பணத்தைத் தொடவே வேண்டாம்.

அன்னதானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குக் கொடுக்க ஊரில் நாலு பேர் இருப்பார்கள். ஆராய்ச்சிக்கு அப்படி இல்லை. உங்கள் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பிறகு சேலம், நாமக்கல் காடுகளையும் பிடித்தது. அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னக் குளவி கொண்டுவரப்பட்டது. 2022 மார்ச்சில் அதை வெளியில் விட்டது உங்களுக்குப் பக்கத்திலேயே, ஏத்தாப்பூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில். இதே குளவிதான் 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்த வேலை நடந்தது பல நாடுகள் தந்த நன்கொடையில். பூச்சிமருந்துக் கம்பெனி எதுவும் இதில் முதல் போடாது. குளவி தானாகப் பெருகி அடுத்த காட்டுக்கும் போய்விடும், யாருக்கு பில் போடுவது? விற்க முடியாத ஆராய்ச்சிக்கு அரசும் உங்களைப் போன்றவர்களும்தான் கொடுக்க வேண்டும்.

மொத்தத்தையும் வைப்புநிதியாகப் போட்டு, வட்டியில் அவர் பெயரில் தங்கப் பதக்கம் கொடுக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 7 சதவீத வட்டி என்றாலும் வருஷத்துக்கு 35,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தரும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையே மாதம் 37,000. பதக்கத்தால் மேடையில் ஒரு போட்டோ கிடைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பதில் வருஷம் ஒரு லட்சமாக ஐந்து வருஷம், குச்சிக்கிழங்கில் ஆய்வு செய்யும் மாணவர்களின் வயல் பயணத்துக்கும் பரிசோதனைச் செலவுக்கும் கொடுங்கள். உதவித்தொகை வாங்குகிற பிள்ளைகளுக்கும் கை கடிப்பது அங்கேதான்.

வரிச்சலுகையை நினைத்து இதில் இறங்காதீர்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே கிடையாது. இந்த நன்கொடைக்கு வரிக்கழிவும் கிடையாது. பழைய முறையில் இருந்தால், தொழில் வருமானம் இல்லாதவர்கள் அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சிக்குக் கொடுப்பதை வருமானத்திலிருந்து முழுதாகக் கழிக்கலாம். '80ஜிஜிஏ' பிரிவு என்று சொன்னால் ஆடிட்டருக்குப் புரியும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் செல்லாது.

காசோலையைப் பேராசிரியர் பெயரில் எழுத வேண்டாம். பல்கலைக்கழகம் சொல்லும் அதிகாரபூர்வக் கணக்குக்கே எழுதுங்கள். எந்தப் பயிர், எந்தச் செலவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். செலவுக் கணக்கு வராத வருஷம் அடுத்த காசோலையை நிறுத்தி வையுங்கள்.