கேள்வி நேரம்: மாட்டுத்தாவணில ஊத்துது, எங்க தெருவுல ஏன் இல்ல?

இந்த வாரம் வந்த கடுதாசில பாதிக்கு மேல மழை பத்திதான், அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன்.

கேள்வி: மதுரை மாவட்டத்துக்கு மழைன்னு வானிலை ஆய்வு மையம் சொல்லுது. மாட்டுத்தாவணில ஊத்து ஊத்துன்னு ஊத்துது, எங்க பக்கம் தரை கூட நனையல. இத எப்படி நம்புறது?
(வாசகர், பழங்காநத்தம்)

பதில்: நம்பலாம்ணே, ஆனா அவங்க சொல்றது மாவட்டத்துக்கு. அறிக்கைல "ஓரிரு இடங்களில்"னு போட்டிருந்தா, மாவட்டத்துல உள்ள மழைமானி நிலையத்துல கால்வாசி வரைக்கும்தான் மழை பதிவாகும்னு கணக்கு, மீதி இடமெல்லாம் காஞ்சு கெடந்தாலும் அந்த அறிக்கை சரிதான். ஆகஸ்ட், செப்டம்பர்ல நமக்குப் பெரும்பாலும் வெப்பச்சலன மழை. காலைலருந்து வெயில் பொளந்து கட்டும், தரை சூடாகி காத்து மேல ஏறும், மேற்க மலை தாண்டி வர்ற காத்தும் கிழக்க கடல் பக்கமிருந்து வர்ற காத்தும் எங்கிட்டு முட்டுதோ அங்கிட்டு மேகம் கெளம்பி, சாயங்காலத்துக்குள்ள பத்து கிலோமீட்டருக்கு மேல உயரமா எந்திரிச்சு நிக்கும். அகலம் சில கிலோமீட்டர்தான், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துல கொட்டி முடிச்சுக் கலைஞ்சிரும். 2025 மே மாசம் வந்த பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்ங்கிற நம்ம நாட்டு வானிலைக் கணிப்புக் கம்ப்யூட்டர் முறையே பூமிய 6 கிலோமீட்டர் கட்டமாத்தான் பிரிச்சுக் கணக்கு போடுது, முன்னாடி 12 கிலோமீட்டர். பழங்காநத்தமும் பெரியார் பஸ் ஸ்டாண்டும் ஒரே கட்டத்துக்குள்ள அடங்கிரும், அதுல தெருவாரியா எப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியும்?

கேள்வி: 2024 அக்டோபர்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. அவ்வளவு பெரிய மழைய ஏன் முன்கூட்டியே சொல்ல முடியல?
(வாசகி, செல்லூர்)

பதில்: அக்கா, அந்த அக்டோபர் 25ஆம் தேதி மதுரைல ஒரே நாள்ல பதிவானது 9.8 சென்டிமீட்டர். வானிலை மையத்துக் கணக்குல 24 மணி நேரத்துல 7லருந்து 11 சென்டிமீட்டர் வரைக்கும் வெறும் கனமழைதான், 12லருந்து 20 வரைக்கும் மிக கனமழை, அதுக்கும் மேல போனாத்தான் அதி கனமழை. அதாவது அன்னைக்கு மதுரைல பெஞ்சது மிக கனமழைக்கே எட்டல. ஆனா அதுல 4.5 சென்டிமீட்டர் மத்தியானம் ஒரு 15 நிமிஷத்துல கொட்டுச்சு, ஒரு சென்ட் இடத்துல மட்டும் கால் மணி நேரத்துல சுமார் 1800 லிட்டர் தண்ணி, அத எந்த வாய்க்கா தாங்கும்? ஏற்கனவே தண்ணி நெறஞ்ச கண்மாய்க்கும் பந்தல்குடி கால்வாய்க்கும் பக்கத்துல இருக்குறவங்களுக்கு நான் சொல்லியா தெரியணும். நாள் மொத்தத்த வச்சு எச்சரிக்கை குடுக்குற முறை டெல்டாவுல நாலு நாள் நின்னு பெய்யுற மழைக்குப் பொருந்தும், மதுரை மாதிரி ஊருக்கு மணிக்கணக்கு மழைதான் முக்கியம், இத நான் எங்க வேணாலும் அடிச்சுச் சொல்வேன்.

அதுக்குத்தான் அடுத்த 3 மணி நேரத்துக்குன்னு தனி எச்சரிக்கை குடுக்குறாங்க, அதுக்கு மழை மேகத்த தூரத்துலருந்தே கதிர் அனுப்பிப் பாக்குற ரேடார் கண்ணு வேணும். காரைக்கால் ரேடார் நமக்கு 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, பூமி வளைவா இருக்குறதால அந்தக் கதிர் மதுரை வந்து சேர்றப்ப தரைலருந்து 4 கிலோமீட்டருக்கும் மேல போயிரும், அதுக்குக் கீழ நடக்குறது அதுக்குத் தெரியாது. கொச்சிலருந்து பாத்தா மேற்குத் தொடர்ச்சி மலை மறைக்குது. மதுரைய பக்கத்துலருந்து பாக்குற மாதிரி ஒரு ரேடாரும், வார்டு வார்டுக்கு ஒரு மழைமானியும் வேணும்க்கா, நம்ம கவுன்சிலர்கிட்டயும் எம்.எல்.ஏ.கிட்டயும் ரோடு, லைட் கேக்குற மாதிரி இதையும் கேக்கணும்.

கேள்வி: கதிர் அறுக்குற நேரம். போன்ல 15 நாளைக்கு மழை காட்டுது, அத நம்பி மெஷினுக்குச் சொல்லவா?
(விவசாயி, மேலூர் பக்கம்)

பதில்: 15 நாள் கணக்கு வேணாம்ணே. மூணு நாள் வரைக்கும் நல்லா நம்பலாம், அஞ்சு நாள் ஓரளவு, அதுக்கு மேல நாள் குறிக்க ஆகாது. மேகதூத் செயலில செவ்வாயும் வெள்ளியும் விவசாயிகளுக்குன்னே அறிக்கை வரும், அதப் பாத்துட்டு மெஷினுக்குச் சொல்லுங்க. தாமினின்னு மின்னலுக்கு ஒரு செயலி இருக்கு, களத்துல நிக்கிறவங்க போன்ல கண்டிப்பா இருக்கணும். இடி இடிச்சா யாரும் புளியமரத்தடில ஒதுங்காதீங்க.

கேள்வி: ஏப்ரல் மாசமே பருவமழை எவ்வளவுன்னு சொல்லிர்றாங்களே, எப்படி?
(கல்லூரி மாணவி, உசிலம்பட்டி)

பதில்: இந்த வேலை ஆரம்பிச்சதே பஞ்சத்தாலதான்மா. 1875ல இந்திய வானிலை ஆய்வுத் துறை வந்துச்சு, மறுவருஷமே தாது வருஷப் பஞ்சம், நம்ம சீமைல செத்தவங்களுக்குக் கணக்கே இல்ல. மழை பொய்க்கப்போறத முன்னாடியே சொல்ல முடியுமான்னு துறையோட முதல் தலைவர் பிளான்ஃபோர்டுகிட்ட கேக்க, அவரு இமயமலைப் பனிய வச்சு வழி கண்டுபிடிச்சாரு, 1886லருந்து முறையா அறிவிக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் 1904லருந்து 1924 வரைக்கும் தலைவரா இருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் கடல் பக்கம் காத்தழுத்தம் ஏறுனா இந்தியப் பெருங்கடல் பக்கம் எறங்குதுன்னு கண்டாரு. பசிபிக் கடல் தண்ணி வழக்கத்த விட சூடாகுறத இன்னைக்கு எல் நினோன்னு பேசுறோமே, அதப் புரிஞ்சுக்க அதுதான் அடிவேர்.

ஒண்ணு மட்டும் கவனி. ஏப்ரல்ல சொல்றது ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் மொத்த நாட்டுக்கான கணக்கு. எல் நினோ வருஷத்துல அந்த மழை பெரும்பாலும் சோரும், நம்ம வடகிழக்குப் பருவமழை பல தடவ நல்லாவே பெய்யும், 2015லயும் 2023லயும் அப்படித்தான், 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அதனால டிவில "பருவமழை குறையும்"னு கேட்டதும் உங்க ஊர்ல யாரும் விதைப்ப விட்டுற வேணாம், அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் தென்மாநிலங்களுக்குன்னு தனி அறிக்கை செப்டம்பர் கடைசிய ஒட்டி வரும், அத வாங்கிப் பாத்து வீட்ல படிச்சுக் காட்டு.