மழைக்காட்ட பசங்களுக்கு வாசிப்பு வழியா சொல்லித் தரது எப்படி? கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. குடியாத்தம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில 19 வருஷமா வாத்தியாரா இருக்கேன். மழைக்காடு பாடத்த வாசிப்போட சேத்து நடத்துறது பத்தி நெறைய பேர் கேட்டிருந்தீங்க, ஒவ்வொன்னா சொல்றேன்.

காட்பாடியிலிருந்து ஒரு டீச்சர்: மூணாவது, நாலாவது ரெண்டும் ஒரே ரூம்ல எனக்கு. மழைக்காடுன்னு ஆரம்பிச்சா பசங்களுக்கு ஒன்னுமே புரியல சார். எங்கருந்து தொடங்கறது?

தென் அமெரிக்காவுல இருக்குற அமேசான் காட்டுல தொடங்காதீங்க டீச்சர். வேலூர் வெயில்ல வளர்ற புள்ளைக்கு வருஷம் பூரா மழை பெய்யற எடம்னா கற்பனையே வராது. நான் தலையணையில தொடங்குவேன். இலவு காத்த கிளி கதைய மொதல்ல சொல்லிடுவேன், அப்புறம் ஒரு இலவங்காய கையில குடுத்து உடைக்க சொல்லுவேன், பஞ்சு பறக்கும், ரூமே அமர்க்களம் ஆயிடும். அமைதியானதும் போர்டுல நாலே வரி எழுதுவேன்: இந்தப் பஞ்சு மரம் அமேசான் காட்டிலும் இருக்கிறது. அங்கே அது 200 அடி வரை வளரும். மற்ற மரங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்கும். அதன் வேர் பலகை போல இருக்கும். (முள்ளிலவு வேற மரம், தலையணைக்குப் பஞ்சு தர மரம்தான் இது, கொழப்பிக்காதீங்க.) 200 அடின்னா எவ்ளோன்னு கேப்பாங்க. நம்ம வேலூர்க் கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் நூறு அடிக்கு மேல, கிட்டத்தட்ட ரெண்டு கோபுரத்த ஒன்னு மேல ஒன்னு வெச்ச ஒசரம்னு சொல்லுங்க, அன்னிக்கு சாயங்காலம் வூட்ல போய் அதத்தான் சொல்லிட்டிருப்பாங்க.

அதுக்கப்புறம் அடுக்கு சொல்றது சுலபம். மேல தலை நீட்டுற மரங்க, அதுக்குக் கீழ குடை மாதிரி கூடி நிக்கிற மரங்க, அதுக்கும் கீழ சின்ன மரம் செடி, கடைசியில தரை. தரைக்கு வர வெளிச்சம் நூத்துல ஒன்னு ரெண்டு பங்குதான். மூணாவது பசங்க எந்த மிருகம் எந்த அடுக்குலன்னு பேர் சீட்ட படிச்சு ஒட்டட்டும், நாலாவது பசங்க ஏன் அங்க இருக்குன்னு ஒரு வரி எழுதட்டும், ரெண்டு கிளாஸும் ஒரே நேரத்துல ஓடும்.

ஆற்காடு, புதுசா வேலைக்கு சேந்த ஒரு தம்பி: பாதி பசங்க எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாங்க. அவங்கள வெச்சு எப்படி சார் தகவல் பாடம் படிக்க வெக்கிறது?

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் இங்க வந்தேன்னே சொல்லலாம். எழுத்துக் கூட்டுற புள்ளைக்கு பத்து மிருகம் இருக்குற பக்கத்த குடுத்தா தோத்துப் போன மாதிரி ஆயிடும். ஒரே ஒரு உயிர் எடுங்க, ஆறேழு வரி போதும், ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வரணும். இருவாச்சின்னு பெரிய அலகு இருக்குற காட்டுப் பறவை, அது முட்டை போட்டு அடைகாக்குறதப் பத்தி நான் எழுதி வெச்சிருக்கிற ஒன்னு:

இருவாச்சி அம்மா மரப்பொந்துக்குள் போனது. வாசலை அடைத்தது. ஒரு சிறு ஓட்டை மட்டும் விட்டது. அப்பா அத்திப்பழம் கொண்டு வந்தது. ஓட்டை வழியே கொடுத்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது.

மொதல்ல நீங்க வாசிங்க, அவசரப்படாம. ரெண்டாவது வாட்டி எல்லாரும் சேந்து. மூணாவது வாட்டி கடைசி ரெண்டு வரிய பசங்களே சொல்லிடுவாங்க, அப்போ அந்த வரி மேல வெரல் வெக்க சொல்லுங்க, வாயில வந்த வார்த்தையும் கண்ணுல பாக்குற எழுத்தும் அங்கதான் ஒன்னு சேரும்.

போன வருஷம் இதப் படிக்கும்போது வாயே தொறக்காத ஒரு பொண்ணு எழுந்து, "சார், அப்பா வரலன்னா?"ன்னு கேட்டா. அவங்க அப்பா பெங்களூர்ல கட்டட வேலை. ரூம் அப்படியே அமைதியாயிடுச்சு. நான் உண்மையத்தான் சொன்னேன்: உள்ள இருக்குற நாள்ல அம்மாவுக்கு பறக்குற இறகு உதிர்ந்து புதுசா முளைக்கும், அதனால அப்பா வராம போனா ரொம்பக் கஷ்டம், ஆண் இருவாச்சிய வேட்டையாடக் கூடாதுன்னு சொல்றதுக்கு அதான் காரணம். அந்தப் பொண்ணு அன்னிக்கு நோட்டுல ரெண்டு வரி அதுவா எழுதுனா, "அப்பா வந்தது. பழம் கொண்டு வந்தது." எழுத்துப் பிழை இருந்துச்சு, நான் செவப்பு பேனாவ எடுக்கவே இல்ல.

ராணிப்பேட்டை, ஒரு அம்மா: அமேசான் காடுதான் உலகத்துக்கு நுரையீரல், 20 சதவீதம் ஆக்சிஜன் அங்கருந்து வருதுன்னு பையனோட ஒர்க்‌ஷீட்ல இருக்கு. சரிதானா?

இல்லம்மா, தப்பு. ரொம்ப காலமா எல்லாரும் சொல்லி சொல்லி அப்படியே நிலைச்சிடுச்சு. காடு ஆக்சிஜன் தருது, உண்மை. ஆனா அந்த மரங்களும் மூச்சு விடுது, உதிர்ந்த இலைய மக்க வெக்கிற பூஞ்சையும் பூச்சியும் ஆக்சிஜன எடுத்துக்குது, தர்றதுல ஏறக்குறைய எல்லாமே அங்கயே செலவாயிடும். காட்டோட பெருமை வேற எடத்துல இருக்கு: காத்துல இருக்குற கரியமில வாயுவ இழுத்து கார்பனா மரத்துலயும் மண்ணுலயும் புடிச்சு வெச்சிக்குது, மழைய உண்டாக்குது.

மழைய உண்டாக்குறத வேலூர்லயே காட்டலாம். காலைல பத்து மணிக்கு வேப்பமரத்துல ஒரு இலைக்கொத்த ட்ரான்ஸ்பரென்ட் கவர்ல நுழைச்சு வாய நூலால இறுக்கிக் கட்டுங்க. மதிய சாப்பாட்டு மணிக்குள்ள கவருக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நிக்கும். மொத வாட்டி செஞ்சப்ப ஒரு பையன் கத்துனான், "இன்னா சார், மரத்துக்கு வேர்க்குது!" அதே வார்த்தைய அப்படியே போர்டுல எழுதி அன்னிக்கு வாசிப்புப் பாடமே அதான்னு ஆக்கிட்டேன். இப்படி கோடிக்கணக்கான மரம் வேர்த்தா மேகம் ஆகும்னு அதுக்கப்புறம் சொன்னா சட்டுனு புடிச்சிக்கிறாங்க.

ஜவ்வாது மலை மேல வேலை பாக்குற ஒரு டீச்சர்: எங்க பசங்க காட்டுலயே பொறந்தவங்க. எங்களுதும் மழைக்காடுதானான்னு கேக்குறாங்க, என்ன சொல்றது?

இல்லன்னு சொல்லுங்க டீச்சர், ஆனா ஏன்னு அவங்களையே கண்டுபுடிக்க வைங்க. கோடையில உங்க மலையில நெறைய மரம் இலைய உதிர்த்துடும்ல? அது இலையுதிர் காடு. மழைக்காடு வருஷம் பூரா பச்சையா நிக்கும், அதுக்கு வருஷத்துக்கு சுமார் 2000 மில்லிமீட்டருக்கு மேல மழை வேணும், வேலூர் பக்கம் அதுல பாதி வரதே பெரிய விஷயம். தமிழ்நாட்டுல மழைக்காடு பாக்கணும்னா ஆனைமலை, வால்பாறை, அகத்தியமலை பக்கம் போகணும். வால்பாறைகிட்ட இருக்குற சின்னக்கல்லாறு நம்ம மாநிலத்துலயே அதிக மழை பெய்யற எடங்கள்ல ஒன்னு.

இன்னொன்னும் கேட்டுக்கறேன். உங்க பசங்கள வெறும் வாசிக்கிறவங்களா வெக்காதீங்க. பலா எப்ப பழுக்கும், தேன் எந்தப் பாறையில கட்டும், சாமை எப்ப வெதைக்கணும், எல்லாம் தெரிஞ்ச புள்ளைங்க. அவங்க சொல்ல சொல்ல நீங்க எழுதுங்க, மறுநாள் அதையே அவங்க படிக்கட்டும். கீழ இருக்குற எங்க ஸ்கூலுக்கு ஒரு காப்பி அனுப்புனீங்கன்னா எங்க பசங்க மழைக்காட்டப் பத்தி எழுதி பதிலுக்கு அனுப்புவாங்க, நெஜமாத்தான் சொல்றேன்.

வாணியம்பாடி, ஒரு அப்பா: காசு செலவு பண்ணாம படிக்க என்ன இருக்கு சார்?

பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ்க் கதைகள் இலவசமா இருக்கு, படிக்கிற லெவல் பாத்து எடுக்கலாம், ப்ரின்ட்டும் எடுக்கலாம். கவர்மென்ட் ஸ்கூல்னா நாலாவது அஞ்சாவதுக்கு ஊஞ்சல் இதழ் வருதான்னு கேளுங்க. போன்ல காட்டுறத விட பேப்பர்ல குடுங்க, வெரல் வெச்சுப் படிக்கணும்ல.

பேரணாம்பட்டு, ஒரு டீச்சர்: காட்ட அழிக்கிறாங்கன்னு படிச்சதும் ஒரு பையன் அழுதுட்டான். அத சொல்லாமலே விட்டுடலாமா?

விடாதீங்க டீச்சர், ஆனா அதுலயே முடிக்காதீங்க. நான் அமைதிப் பள்ளத்தாக்கு கதைய சொல்லுவேன். கேரளாவுல குந்திப்புழா ஆத்துல அணை கட்டி கரண்ட் எடுக்க ப்ளான் போட்டாங்க, கட்டியிருந்தா சிங்கவால் குரங்கு இருக்குற காட்டுல ஒரு பகுதி தண்ணிக்குள்ள போயிருக்கும். வாத்தியாருங்க, கவிஞருங்க, விஞ்ஞானிங்க எல்லாரும் வருஷக்கணக்கா எதுத்தாங்க, கடைசில திட்டத்தக் கைவிட்டு 1984-ல அத தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. வால்பாறையிலயும் அந்தக் குரங்குங்க ரோட்ல அடிபடாம இருக்க மரத்துக்கு மரம் மேல பாலம் கட்டி விட்டிருக்காங்க, குரங்குங்களும் அந்தப் பாலத்து மேல நடந்து போகுது. இத அந்தப் பையனுக்கு நாளைக்கே வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் அந்தப் பாலத்த அவனையே வரைய சொல்லுங்க.