எதிலும் நிலைக்காத ஆர்வம் நோயா?

கேள்வி: வயது 29. கோவையில் கணக்குப் பிரிவில் வேலை. ஆபீஸில் என்மேல் குறை கிடையாது. ஆனால் கிடார், மீன் தொட்டி, மாடித் தோட்டம், இப்போது மலையாளம் என்று மாறிக்கொண்டே இருக்கிறேன். எல்லாம் சில மாதங்கள்தான். 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்' என்கிறார் அப்பா. எனக்கு ஏடிஎச்டி என்கிற கவனக்குறைபாட்டுக் கோளாறு இருக்குமோ?

மனநல மருத்துவர் பதில்: நீங்கள் எழுதியதில் நோய் என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. ஏடிஎச்டி என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்கும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படுத்தும். மாதக் கடைசிக் கணக்கை ஒழுங்காக முடிப்பவருக்கு நான் முதலில் அதைச் சந்தேகிக்க மாட்டேன். இணையத்துச் சோதனைகளை விட்டுவிடுங்கள்.

புதியதில் நாட்டம் என்பது ஒரு குணக்கூறு. சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு, உயரம் மாதிரி.

'உனக்கான ஒரே ஆர்வத்தைக் கண்டுபிடி' என்ற அறிவுரைமேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஓ'கீஃப், ட்வெக், வால்டன் ஆகிய உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கருந்துளை பற்றி ஒரு எளிய வீடியோவைக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு ஆர்வம் பிறந்தது. அப்புறம் அதே விஷயத்தில் கடினமான கட்டுரை ஒன்றைக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே உள்ளே இருக்கிறது, கண்டெடுத்தால் போதும் என்று நம்பியவர்களுக்குத்தான் அது அதிகமாக வடிந்தது. வளர்த்தால் வளரும் என்று நினைத்தவர்கள் அவ்வளவு சோர்ந்துபோகவில்லை.

ஆகவே எத்தனை ஆர்வங்கள் என்று எண்ணாதீர்கள், ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் விட்டீர்கள் என்று பாருங்கள். நாலு பாட்டு வாசித்து, ஆசை தீர்ந்து கிடாரை வைத்தீர்களா? சரி, முடிந்தது. விரல் வலித்து, தாளம் பிடிபடாத கட்டத்தில் 'இது நமக்கானது இல்லை' என்று வைத்தீர்களா? எல்லாமே அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறது என்றால், ஏதாவது ஒன்றில் மட்டும் அந்தக் கட்டத்தைத் தாண்டும்வரை பிடிவாதமாக இருங்கள். மலையாளமே போதும். மற்றவை விளையாட்டாகவே இருக்கட்டும். (மீன் வளர்ப்பை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். கிடார் பட்டினி கிடக்காது.)

மருத்துவரை அவசியம் பார்க்க வேண்டிய நிலைகள் வேறு. தொடர்ந்து சில நாட்கள் தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல், பேச்சும் யோசனையும் தறிகெட்டு ஓடி, கடன் வாங்கிப் புதுப்புது முயற்சிகளில் பணத்தைக் கொட்டினால் தாமதிக்காமல் போங்கள். அதேபோல, முன்பு பிடித்த எதுவுமே இரண்டு வாரமாக ருசிக்கவில்லை என்றாலும் போங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம்.