கூட்ஸ் வண்டிக்கு எந்தப் பக்கம் நிற்பது?

வணக்கம் அண்ணே. நான் உச்சிப்புளிக்காரன். மானாமதுரை – ராமேஸ்வரம் பாதையில் எப்போதாவது வரும் கூட்ஸ் வண்டிகளைப் படம் எடுக்கிறேன். பெட்டியெல்லாம் கருத்துப்போய் விழுகிறது. பேசாமல் பாம்பன் பாலத்தை எடு, இல்லையென்றால் தூத்துக்குடிப் பக்கம் போ என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா?

தம்பி, போக வேண்டாம். பாம்பனில் ஊரே கேமராவோடு நிற்கிறது, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். தூத்துக்குடியில் வண்டி நிறைய கிடைக்கும், சரி, ஆனால் உங்கள் கேட்கீப்பரும் டீக்கடைக்காரரும் அங்கே கிடைப்பார்களா? கூட்ஸுக்கு ஏது நேரம், அவர்கள் சொன்னால்தான் உண்டு.

கருத்துப்போவதற்குக் காரணம் நிற்கிற பக்கம். உங்கள் ஊரில் தண்டவாளம் கிட்டத்தட்ட கிழக்கு மேற்காக ஓடுகிறது, அதனால் வருடத்தில் பெரும்பகுதி வெயில் தெற்கே, மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து விழும், நீங்களும் அந்தப் பக்கமே நில்லுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே தள்ளிப் போய்விடும், அப்போது பாக் விரிகுடாப் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். ராமேஸ்வரம் போகிற எஞ்சினின் முகத்தில் காலை வெயில் விழும், திரும்புகிற வண்டிக்கு மாலை. நடுப்பகலில் வந்தால் கேமராவை மூடிவிட்டு வேடிக்கை பாருங்கள்.

அரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் வண்டியை ஒரே படத்தில் அடைக்கவும் பார்க்காதீர்கள், பாதி சீமைக்கருவேலம்தான் விழும். நிற்கிற வண்டி கிடைத்தால், ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு பெட்டியை மட்டும் எடுங்கள். பக்கவாட்டில் 11 இலக்க எண் இருக்கும்: முதல் 2 பெட்டியின் வகை, அடுத்த 2 எந்த ரயில்வேயின் பெட்டி, அதற்கடுத்த 2 செய்த வருடம். அதற்குப் பக்கத்தில் யாரோ சாக்பீஸில் கிறுக்கியது, கதவிடுக்கில் சிந்திய அரிசி, அதைக் கொத்த வரும் மைனா. இதை யார் எடுக்கிறார்கள்? 1964 புயலுக்கு முன்பு தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குச் சரக்கு போனதே, அந்தப் பெட்டிகளின் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எண்ணையும் தேதியையும் படத்தோடு குறித்து வையுங்கள்.

தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். 1989 ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தேகூடப் போடலாம். கேட்டுக்கு வெளியே நின்றாலே போதும்.

அப்புறம், லென்ஸில் உப்புக்காற்று படிந்திருக்கும்போது சட்டை நுனியால் துடைக்கிற வேலை வேண்டாம். கோடு விழும். முதலில் மணலை ஊதிவிட்டு, லென்ஸ் திரவம் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள்.